வழியில் ஒடித்த தடி: அத்தி மரம் வளர்ப்போம்

இடம்பெயரும் ஒரு குடும்பம் எதைத் தூக்கிக்கொண்டு போகிறது? கொஞ்சம் அரிசி, உடுப்புப் பொதி, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இயலுமானால் ஒரு சைக்கிள். பலருக்கு இவைகூடக் கிடைக்கவில்லை. 1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டுப் புறப்பட்டவர்களும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக ஓடியவர்களும் இதை அறிவார்கள். மரத்தை எவரும் தூக்கிச் செல்லவில்லை. பனையும் மாவும் பலாவும் நின்ற இடத்திலேயே நின்றன. திரும்பிப் போனவர்களில் பலர் அவற்றைக் காணவுமில்லை.

ஆனால் எல்லா மரமும் அப்படியல்ல. தடியாக வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய் இன்னொரு மண்ணில் ஊன்றினால் துளிர்க்கும் மரங்கள் சில உண்டு. எமது மக்களுக்கு இது புதிய சங்கதியல்ல. வேலிக்குக் கதியால் போடாத கமக்காரன் யார்? கிளுவை, பூவரசு, முள்முருக்கு, வாதராணி, சீமைக்கிளுவை, முருங்கை எல்லாமே தடியில் வளர்பவைதான். இவற்றோடு சேர்த்து எண்ணவேண்டிய, ஆனால் நாம் அதிகம் கவனியாத ஒரு மரம் அத்தி. பயணம் போகும் வழியில், ஆற்றோரத்திலோ குளக்கட்டின் கீழோ தானாக வளர்ந்து நிற்கும் அத்தியிலிருந்து ஒரு தடியை எடுத்து வளவில் மரமாக்குவது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

எந்த அத்தி?

அத்தி என்ற பெயரில் இரண்டு மரங்களைப் பற்றிப் பேசுகிறோம். முதலாவது எமது நாட்டு அத்தி. சிங்களத்தில் இதை அட்டிக்கா என்பர். ஈரம் நிற்கும் இடங்களை நாடி வளரும். வன்னியின் ஆற்றங்கரைகளில் மருது, இலுப்பை ஆகியவற்றோடு இதையும் காணலாம். அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் குலைகுலையாகக் காய் தொங்குவது இதன் அடையாளம். காய் பச்சையாக இருந்து, பழுக்கும்போது சிவக்கும். எங்கே வெட்டினாலும் பால் வடியும். யாழ்ப்பாணத்தில் அத்தியடி என்றே ஓரிடத்திற்குப் பெயர் உண்டு என்பதால், இம்மரம் எமது ஊர்களுக்கு அந்நியமானதல்ல என்பது விளங்கும்.

இரண்டாவது சீமை அத்தி. கடைகளில் உலர்ந்த பழமாக, மாலையாகக் கோத்து விற்கப்படுவது இதுவே. மேற்காசியாவிலிருந்து உலகெங்கும் பரவியது. இலை அகன்று, கைவிரல்களைப்போலப் பிரிந்திருக்கும். எமது நாட்டில் சில வீட்டு வளவுகளில் இதைக் காணலாம். விவிலியத்தில் சொல்லப்படும் அத்தி பெரும்பாலும் இதுதான்.

இரண்டையும் தடியில் வளர்க்கலாம். நாட்டு அத்தி பெரிய மரமாகும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் குழை தரும். சீமை அத்தியைக் கவாத்துச் செய்து சிறிய மரமாக, பெரிய சாடியிற்கூட வைத்திருக்கலாம். அதன் பயன் பழமே.

பூ எங்கே? புழு எது?

அருமையாக நடக்கும் ஒன்றை ‘அத்தி பூத்தாற்போல’ என்போம். உண்மையில் அத்தி ஒவ்வொரு காய்ப்பிலும் பூக்கிறது. பூ வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். நாம் காய் என்று சொல்வது உள்ளே நூற்றுக்கணக்கான சிறு பூக்களைக் கொண்ட ஒரு பை. அதன் நுனியில் ஊசிமுனை அளவான வாசல் ஒன்று உண்டு. அதன் வழியாக மிகச் சிறிய குளவி ஒன்று நுழைந்து, மகரந்தத்தைச் சேர்த்து, அங்கேயே முட்டையும் இடுகின்றது. ‘அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்ற பழமொழியில் வரும் புழு பெரும்பாலும் இந்தக் குளவியும் அதன் குஞ்சுகளுமே. அது மரத்துக்கு வந்த நோயல்ல. அந்தக் குளவி இல்லாவிட்டால் நாட்டு அத்தியில் முளைக்கக்கூடிய விதையே உண்டாகாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீமை அத்தியில் விதையால் முளைத்த மரங்களில் ஏறத்தாழப் பாதி, உண்ணத் தகாத வறண்ட காய்களையே தரும். மீதியிலும் பல, குளவி வந்து சேராவிட்டால் காயை உதிர்த்துவிடும். சீமை அத்திக்குரிய குளவி மத்தியதரைக் கடற்பக்கத்தைச் சேர்ந்தது. ஆகவே குளவியின் உதவியில்லாமலே பழுக்கும் இனங்கள்தான் எமக்கு ஏற்றவை. அந்தக் குணம் விதையில் வரும் என்று நம்பியிருக்க முடியாது. தடியில் தவறாமல் வரும். தடியில் வளரும் மரம் தாய் மரத்தின் அச்சு அசலான மறுபிறப்பு. எனவே வழியில் ஒரு சீமை அத்தியைக் கண்டால் முதலில் அதன் பழத்தைப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் “பழம் இனிக்குமா? உதிராமல் நிற்குமா?” என்று கேளுங்கள். தாய் நன்றாகக் காய்த்தால் பிள்ளையும் காய்க்கும். நாட்டு அத்தியிலும் இப்படியே, நிறையக் காய்க்கின்ற, குழை செழித்த மரத்தைத் தெரிவு செய்யவேண்டும்.

தடியிற் பயணம் செய்த மரங்கள்

மனிதன் முதன்முதலாகத் தன் கையால் வளர்த்த பயிர் அத்தியாக இருக்கலாம் என்று சொல்வோர் உண்டு. யோர்தான் பள்ளத்தாக்கில், எரிகோவிற்கு வடக்கே, பழைய குடியிருப்பு ஒன்றின் எரிந்த வீட்டில் கருகிய அத்திப் பழங்கள் ஒன்பது கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 11,400 ஆண்டுகள். குளவியின்றிப் பழுத்த, விதை முளைக்காத இனம் அது. ஆகவே யாரோ தடி நட்டே அதைப் பெருக்கியிருக்கவேண்டும் என்று 2006 இல் ஆய்வாளர் மூவர் எழுதினர். அப்படியாயின் தானியப் பயிர்களுக்கும் முன்னரே தடி நடுகை தொடங்கிவிட்டது. இக்கருத்தை ஏற்காத ஆய்வாளரும் உளர்.

இறைவாக்கினர் ஆமோஸ் தம்மைக் காட்டத்தி மரங்களைப் பராமரிப்பவன் என்று கூறிக்கொண்டார். அந்தக் காட்டத்தி எமது நாட்டு அத்திக்கு நெருங்கிய உறவு. எகிப்திலும் இஸ்ராயேல் நாட்டிலும் அதற்கு மகரந்தம் சேர்க்கும் குளவி இல்லை. விதை உண்டாவதில்லை. ஆகவே அங்கே நின்ற காட்டத்திகள் எல்லாம் மனிதர் கொண்டுவந்து நட்ட தடியில் வளர்ந்தவையே. பழம் பழுப்பதற்காகக் காய் ஒவ்வொன்றிலும் கத்தியால் கீறிவிடுவதும் அங்கு பழைய வழக்கம்.

எமது தீவிலும் இதற்கோர் உதாரணம் உண்டு. அனுராதபுரத்து அரசமரம் கி.மு. 3 ஆம் நூற்றாண்டில், தேவநம்பியதீசன் காலத்தில், சங்கமித்தை கடல் கடந்து கொண்டுவந்த கிளையில் வளர்ந்தது என மகாவம்சம் கூறுகின்றது. அரசும் அத்திக் குடும்பத்து மரமே. அந்தக் கிளை வந்திறங்கிய ஜம்புகோளத் துறை, மாதகலை அடுத்த சம்பில்துறையே என்று பலர் கருதுகின்றனர். கடல் வழியாக வந்த ஒரு கிளை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிற்குமானால், கிளிநொச்சியிலிருந்து பருத்தித்துறைக்குப் பஸ்ஸில் வரும் ஒரு தடி வளராதா?

எங்கே, எப்போது எடுப்பது?

முதலில் பாதுகாப்பு. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத இடங்கள் வடக்கில் உள்ளன. எச்சரிக்கைப் பலகையோ சிவப்பு அடையாளமோ உள்ள இடத்தில் ஒரு தடிக்காகக் காலெடுத்து வைக்கவேண்டாம். பலகை இல்லாவிட்டாலும், நீண்ட காலம் எவரும் நடமாடாத பற்றைக்குள் இறங்கவேண்டாம். வீதியோரம், புழங்கும் குளக்கட்டு, ஆலய வளவு, அயலவர் காணி ஆகியவையே போதும். ஒதுக்கப்பட்ட காட்டில் மரம் வெட்டுவதற்கு வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தனியார் காணியாயின் உரியவரைக் கேட்டு எடுங்கள். கேட்டால் மறுப்பவர் குறைவு.

காலம் புரட்டாதிக் கடைசியும் ஐப்பசித் தொடக்கமும். கோடையில் மரத்தின் வளர்ச்சி மந்தமாகி, தடியில் உணவு சேர்ந்திருக்கும். பழைய இலை உதிர்ந்து புதுத் துளிர் வெடிக்குமுன் எடுத்து, மாரி மழையோடு நட்டால் மூன்று நான்கு மாதம் மண் ஈரமாக இருக்கும். துளிர் விட்டு இளம் பச்சையாக நிற்கும் கிளை உதவாது, வாடிவிடும்.

தடியைத் தெரிவு செய்யும்போது கவனிக்கவேண்டியவை:

1. சீமை அத்திக்குப் பென்சில் பருமன் முதல் பெருவிரல் பருமன் வரையான, ஒரு வயதுக் கிளை. நீளம் 8 முதல் 10 அங்குலம். நான்கு ஐந்து கணுக்கள் இருக்கவேண்டும்.

2. நாட்டு அத்திக்குப் பெருவிரல் பருமன் அல்லது சற்று மேல், நீளம் ஒன்று முதல் ஒன்றரை அடி. வேலிக் கதியாலாக ஊன்றுவதாயின் மணிக்கட்டுப் பருமனில் 4 முதல் 6 அடி.

3. கூரிய கத்தியால் வெட்டவேண்டும். நசிந்த தடி அழுகும். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாகவும், மேற்பக்கத்தைத் தட்டையாகவும் வெட்டுங்கள். எது அடி, எது நுனி என்று பின்னர் தடுமாற நேராது.

4. இலைகளை நீக்கிவிடவேண்டும். பால் வடிந்து நிற்கும்வரை நிழலில் சில மணி நேரம் வைக்கவும். பால் கண்ணில் படக்கூடாது. சீமை அத்திப் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் போடும். உடனே கழுவுங்கள், சிறுவர்களை வெட்ட விடாதீர்கள்.

5. ஈரச் சாக்கில் அல்லது ஈரக் கடதாசியில் சுற்றி, வெளியே பொலித்தீன் உறையிட்டு, நிழலில் வைத்துக் கொண்டுவாருங்கள். இப்படிச் சுற்றினால் சில நாட்கள் தாங்கும். தண்ணீரில் ஊறவிடவேண்டாம்.

பத்துத் தடி நட்டால் பத்தும் பிடிக்கும் என்று எண்ணவேண்டாம். நாட்டு அத்தி கிளுவையைப்போல இலகுவில் பிடிப்பதில்லை. இரண்டு மரம் வேண்டுமாயின் ஆறு ஏழு தடியாவது எடுங்கள். தாய் மரம் கிட்ட இருந்தால் பதியம் வைப்பது இன்னும் நிச்சயமானது: கிளையில் ஓரங்குல அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரத் தும்புச்சோற்றை வைத்துப் பொலித்தீனால் இறுகக் கட்டிவிடுங்கள். வேர் நிறைந்ததும் அதற்குக் கீழே வெட்டி நடலாம்.

நடுகை

அகதி முகாமிலோ வாடகை வளவிலோ இருப்பவர்கள் நேரே நிலத்தில் நடாமல் பைகளில் நடுவது நல்லது. வெற்று மாப் பை, பால்மா ரின், உடைந்த வாளி எதுவாயினும் சரி. அடியில் துளை இருக்கவேண்டும். மேல்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்கு உக்கிய எரு அல்லது தும்புச்சோறு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். புது எரு சூட்டினால் தடியை அழுகச் செய்யும்.

தடியின் மூன்றில் இரண்டு பங்கை மண்ணுள் புதைத்து, ஒன்றிரண்டு கணுவை மட்டும் வெளியே விடுங்கள். மண்ணைக் கையால் அழுத்தி இறுக்குங்கள். தடிக்கும் மண்ணுக்கும் இடையே காற்று நின்றால் வேர் விடாது. பையை நிழலில் வைத்து, மண் ஈரமாக இருக்கும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றுங்கள். தடி சாவது தண்ணீர் குறைந்து மட்டுமல்ல, கூடியும்தான். அடி வெட்டிய வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தலைத் தடியின்மேல் கவிழ்த்து வைத்தால் ஈரப்பதன் காக்கப்படும். இலை வந்ததும் போத்தலை எடுத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று கிழமையில் துளிர் வரலாம். அதைக் கண்டு அவசரப்படவேண்டாம். இலை வந்தது வேர் வந்ததற்கு அடையாளமல்ல. தடி தன்னுள் சேர்த்துவைத்த உணவைக் கொண்டே முதல் இலைகளை விடுகின்றது. இந்நேரத்தில் இழுத்துப் பார்ப்பதும், வெயிலில் வைப்பதும், இடம் மாற்றி நடுவதும் தடியைக் கொன்றுவிடும். முதற்றுளிர் வாடினாலும் தடியில் பச்சை இருக்கின்றதா என நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பச்சை இருந்தால் உயிர் இருக்கின்றது. பையின் அடித்துளையில் வேர் எட்டிப் பார்த்த பின்னரே வெயிலுக்குப் பழக்கி, நிலத்தில் நடவேண்டும்.

நிலத்தில் நடும்போது இரண்டடி ஆழ அகலமான குழியில் உக்கிய எருவும் மேல்மண்ணும் இட்டு நடுங்கள். நாட்டு அத்தியின் வேர் நீரைத் தேடி நெடுந்தூரம் ஓடும். கிணற்றுக் கட்டுக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் குறைந்தது 30 அடி தள்ளி நடவேண்டும். வாய்க்கால் ஓரம், வளவின் பள்ளமான மூலை, குளிக்கும் நீர் ஓடும் இடம் ஆகியவை பொருத்தமானவை.

பராமரிப்பும் பயனும்

முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் வேண்டும். அடியில் குழை, வைக்கோல் மூடாக்கு இடுங்கள். ஆனால் தண்டோடு ஒட்டி இடவேண்டாம், கறையான் ஏறும். ஆடு மாடு எட்டாதபடி பனை மட்டையால் கூடு அடையுங்கள். சீமை அத்திக்கு வேரில் முடிச்சுப் போடும் வட்டப்புழுத் தொல்லை மணற்காணிகளில் கூடுதலாக வரும். கத்தரி, தக்காளி செய்து அந்நோய் கண்ட இடத்தில் நடாதீர்கள். இந்தியாவில் நாட்டு அத்திக் கன்றில் சீமை அத்தியை ஒட்டி இத்தொல்லையைக் குறைத்திருக்கின்றனர். ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். மழைக்காலத்தில் சீமை அத்திப் பழம் வெடிக்கும். கோடையில் பழுப்பதே இனிக்கும். காகத்துக்கும் அணிலுக்கும் முந்திக்கொள்ளப் பழைய வலைத் துண்டொன்றால் மூடுங்கள்.

நாட்டு அத்தியின் குழை கால்நடைத் தீனி. கோடையில் புல் கருகும்போது இதன் அருமை தெரியும். பிஞ்சுக்காயைப் பிளந்து, கழுவி, அவித்துக் கறியாக்கலாம். பழத்துக்குப் பறவைகளும் வௌவால்களும் வரும். அவற்றின் எச்சத்தோடு வேறு விதைகளும் வந்து விழும். வெறுங்கட்டாந்தரையாகிவிட்ட காணிகளில் நிழல் மீண்டும் பிறப்பது இப்படித்தான். பலகைக்கோ தளபாடத்துக்கோ இம்மரம் உதவாது, விரைவில் உளுத்துவிடும். அத்திப் பட்டை ஆல், அரசு, இத்திப் பட்டைகளோடு சித்த வைத்தியத்தில் சேர்க்கப்படுகின்றது. அதை வைத்தியரைக் கேட்டே பயன்படுத்துங்கள்.

சொந்தமில்லாத காணியில் மரம் நடலாமா?

இக்கேள்வியை மக்கள் கேட்பது நியாயமே. “நாளைக்கு எழும்பச் சொன்னால் மரம் யாருக்கு?” என்பார்கள். ஒரு போகத்தில் பலன் தரும் வெண்டி, பயிற்றை, கீரையோடு நின்றுவிடுவார்கள். அப்படி நினைத்தே முப்பது ஆண்டுகளைக் கழித்த குடும்பங்கள் உண்டு. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட கொட்டிலில் பிறந்த பிள்ளை, தன் பிள்ளையையும் அதே வளவில் வளர்க்கின்றது. ஐந்தாம் ஆண்டில் நட்டிருந்தால்கூட அந்தப் பிள்ளைகளுக்கு நிழல் இருந்திருக்கும்.

பபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு இறைவாக்கினர் எரேமியா எழுதிய கடிதத்தை நினைவுகூருவோம். விரைவில் ஊர் திரும்பலாம் என்று சிலர் ஆசை காட்டிய நேரத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணுங்கள் என்றே அவர் எழுதினார். ஊரை மறக்கச் சொல்லவில்லை. திரும்பி வருவீர்கள் என்ற வாக்குறுதியும் அதே கடிதத்தில் உண்டு. அவர் கண்ட இரண்டு கூடை அத்திப் பழக் காட்சியில், நல்ல பழங்கள் நாடுகடத்தப்பட்டவர்களையே குறித்தன. எமது முஸ்லிம் சகோதரரின் திருக்குர்ஆனிலும் 95 ஆவது அத்தியாயம் அத்தியின் பெயரையே தாங்கியிருக்கின்றது.

ஊர்க்காணிக்கு உரிமை கேட்பதும், இருக்கும் காணியில் மரம் நடுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல. ஒன்றை விட்டால்தான் மற்றது என்று எவரும் உங்களுக்குச் சொல்ல இடம் கொடாதீர்கள். தடியில் வளரும் மரத்துக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. நீங்கள் எழும்பிப் போகும் நாளில் மரம் காணிக்காரருக்கு நிற்கட்டும். அதில் வெட்டிய ஐந்து தடி உங்களோடு வரும். மரமும் இழக்கப்படவில்லை, அதன் இனமும் இழக்கப்படவில்லை.

ஆயினும் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். நடுமுன் காணிக்காரரிடம் சொல்லுங்கள். காயும் குழையும் யாருக்கு என்பதை அப்போதே பேசி முடியுங்கள். எல்லையில் நடாதீர்கள்; எல்லைச் சண்டைக்கு மரமே சாட்சியாகிவிடும். வேர்விட்ட தடிகளில் ஒன்றிரண்டை எப்போதும் பையிலேயே வைத்திருங்கள்.

மாதர் சங்கங்களும் பங்கு இளைஞர் மன்றங்களும் இந்த ஐப்பசிக்கு ஒரு சிறு நாற்றுமேடை அமைக்கலாம். ஆளுக்கு மூன்று தடி கொண்டுவந்தால் இருபது குடும்பத்துக்கு அறுபது தடியாகும். அரைவாசி பிடித்தாலும் வீட்டுக்கு ஒன்று கொடுத்து, மிகுதியைப் பள்ளிக்கூட வளவிலும் ஆலய முற்றத்திலும் நடலாம். காய்க்காத அத்தியை வெட்டச் சொன்ன எசமானிடம், இன்னும் ஓராண்டு பொறுங்கள், கொத்தி எருப்போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்ட தோட்டக்காரனை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். அந்த ஓராண்டுப் பொறுமைதான் எமக்கும் வேண்டியது. மழை தொடங்குமுன் கத்தியைத் தீட்டி, சாக்கை நனைத்து வையுங்கள்.